விசாரணைக்கு வராத இயந்திரம்

இராயபுரத்தில் பழைய சிறைச்சாலைச் சாலையில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே ஒரு தனி அறுவைச் சிகிச்சைத் துறை இருக்கிறது. டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971இல் உருவாக்கிய அந்தத் துறை இந்திய மருத்துவ உலகில் பெயர் பெற்றது. அது வடசென்னையில் வேரூன்றியதில் வியப்பில்லை. ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் திருவொற்றியூரின் டயர், மோட்டார் சைக்கிள் ஆலைகள், அதற்கப்பால் மணலியின் சுத்திகரிப்பு நிலையமும் உர ஆலையும், வடக்கே எண்ணூரின் லாரித் தொழிற்சாலையும் அனல்மின் நிலையங்களும். இவற்றுக்கெல்லாம் உதிரிபாகம் செய்து கொடுக்கும் லேத் பட்டறைகளும் தகடு அடிக்கும் பிரஸ் கடைகளும் சந்துக்குச் சந்து. இத்தனைக்கும் நடுவில் கை அறுவைச் சிகிச்சை வளர்ந்தது. நசுங்கிய விரலை ஒட்ட வைக்க முடியுமா என்று பார்ப்பது மருத்துவரின் வேலை. அந்த விரல் போனதற்கு என்ன ஈடு என்று பார்ப்பது சட்டத்தின் வேலை. அந்த விரலை நசுக்கிய இயந்திரம் எந்த நிலையில் இருந்தது என்று பார்ப்பது யாருடைய வேலை என்பதே இந்த உரையின் கேள்வி.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடிய அதே ஆண்டில் வந்த சட்டம் அது. 2009இல் திருத்தப்பட்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. நவம்பர் 21, 2025 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அதன் சாரம் ஓர் இயலாகச் சேர்ந்திருக்கிறது; இழப்பீடு, ஈட்டுறுதி பற்றி நான் சொல்லும் பிரிவு எண்கள் பழைய சட்டங்களுடையவை. அதன் அடிப்படை எளியது, உயர்ந்தது. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நடந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். முதலாளியின் கவனக்குறைவைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. அதற்கு முன்பு, சக தொழிலாளியின் தவறு, தெரிந்தே ஏற்ற ஆபத்து, உன்னுடைய அலட்சியமும் சேர்ந்தது என்ற மூன்று வாதங்களால் காயம்பட்டவரை நீதிமன்ற வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் இருந்தது. அந்தக் கதவை 1923 திறந்தது. நான் சொல்லப்போகும் குறை எதுவும் இந்த அடிப்படையைத் தொடாது. அது அப்படியே இருக்க வேண்டும்.

தவறு யாருடையது என்று கேட்காமல் பணம் தரும் முறைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை இதுவரை தொழிலாளிதான் கொடுத்துவருகிறார். இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் ஆணையர் தொகையைக் கணக்கிட மூன்றே செய்திகளைப் பார்க்கிறார்: வயது, சம்பளம், இழந்த உறுப்பு. சட்டத்தின் முதல் அட்டவணை உடலைக் கூறு கூறாகப் பிரித்து வைத்திருக்கிறது. கட்டைவிரல் போனால் உழைக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. சுட்டுவிரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. எலும்பு போகாமல் சுட்டுவிரலின் நுனி மட்டும் துண்டானால் 5. மாதம் 15,000 ரூபாயோ அதற்கு மேலோ சம்பளம் வாங்கும் 35 வயதுத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். 2020 ஜனவரி அறிவிக்கையின்படி எவ்வளவு சம்பளமானாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான். அதில் 60 சதவீதம் 9,000. அதை 35 வயதுக்கான காரணி 197.06ஆல் பெருக்கினால் முழு ஊனத்துக்கு 17,73,540 ரூபாய். நான்கு விரல்களுக்கு அதில் பாதி, 8,86,770. சுட்டுவிரல் மட்டும் என்றால் ஏறக்குறைய 2,48,000. இந்தக் கணக்கில் எங்கும் பிரஸ்ஸுக்குக் கார்டு என்னும் பாதுகாப்புத் தடுப்பு இருந்ததா, இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினால்தான் இறங்கும்படி அமைத்திருந்தார்களா என்ற கேள்வி வரவே இல்லை. எல்லாப் பாதுகாப்பும் செய்த முதலாளிக்கும் பத்து வருடமாக உடைந்த கிளட்ச்சோடு பிரஸ்ஸை ஓட்டியவருக்கும் ஒரே தொகைதான்.

கேள்வியே வரவில்லை என்று சொன்னது முழுச் சரியல்ல. ஒரே ஓர் இடத்தில் வருகிறது, அதுவும் தொழிலாளியைப் பார்த்து. பாதுகாப்புக்காக வைத்த கார்டையோ கருவியையோ தொழிலாளி வேண்டுமென்றே கழற்றினார் அல்லது பொருட்படுத்தவில்லை என்று காட்டினால், முதலாளி இழப்பீட்டிலிருந்து தப்பலாம் என்கிறது மூன்றாம் பிரிவு. மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் இந்த விலக்கு பொருந்தாது. ஆனால் பிரஸ் கடைகளில் நடப்பது பெரும்பாலும் விரல் போவது, அதாவது பகுதி ஊனம். அதற்கு இது பொருந்தும். கார்டோடு ஓட்டினால் உற்பத்தி குறைகிறது. உருப்படிக் கணக்கில் கூலி என்றால் சம்பளமும் குறைகிறது. கார்டைக் கழற்றச் சொல்வது சூப்பர்வைசர், கழற்றுவது தொழிலாளியின் கை. விபத்துக்குப் பிறகு சூப்பர்வைசர் சொன்னதற்குச் சாட்சி இருக்காது, கை மட்டும் சாட்சியாக நிற்கும். தொழிலாளி கார்டைக் கழற்றினாரா என்று கேட்கத் தெரிந்த சட்டம், முதலாளி கார்டைப் பொருத்தினாரா என்று கேட்டுத் தொகையைக் கூட்டத் தெரியாமல் நூறாண்டு ஓட்டியிருக்கிறது. இந்த ஒருபக்கச் சாய்வைச் சரிசெய்ய வேண்டும் என்பதுதான் என் வாதம். பாதுகாப்பற்ற கருவியால் நேர்ந்த காயம் என்று தெரியவந்தால், அட்டவணைத் தொகைக்கு மேல் ஒரு கூடுதல் பங்கை முதலாளி தம் கையிலிருந்து தர வேண்டும். அது தொழிலாளிக்கே போய்ச் சேர வேண்டும்.

அந்நியமான யோசனை இல்லை இது. அதே சட்டத்தின் 4அ பிரிவைப் பாருங்கள். இழப்பீடு தர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி; தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதம். வாகன விபத்தில் இறந்த தொழிலாளி தொடர்பான வழக்கு ஒன்றில் 1997இல் உச்ச நீதிமன்றம், வட்டியைக் காப்பீட்டு நிறுவனம் கட்டலாம், அபராதத்தை முதலாளிதான் கட்ட வேண்டும் என்று பிரித்துச் சொன்னது. காரணம் தெளிவானது. அபராதம் அவருடைய சொந்தத் தவறுக்கானது. அதைப் பாலிசியின் தலையில் கட்ட முடியாது. ஆக, முதலாளியின் தவறை அளந்து, அதற்குத் தனி விலை வைத்து, காப்பீட்டுக்கு அப்பால் வசூலிக்கும் வழி இந்தச் சட்டத்துக்கு ஏற்கெனவே தெரியும். பணம் தரத் தாமதித்தால் அந்த விலை உண்டு. தேய்ந்த வயர் ரோப்பில் ஐந்து டன் சரக்கைத் தொங்கவிட்டால் இல்லை.

தொழிலாளர் ஈட்டுறுதி (இ.எஸ்.ஐ.) சட்டத்தின் வரலாறு இன்னும் வருத்தமானது. இ.எஸ்.ஐ.யில் காப்பீடு பெற்றவர் முதலாளியிடமிருந்து வேறு சட்டத்தின்படி இழப்பீடு கேட்க முடியாது என்று 53ஆம் பிரிவு தடுக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள ஆலைத் தொழிலாளர்கள் இந்தத் தடைக்குள் வருகிறார்கள். இ.எஸ்.ஐ. மாதாமாதம் தரும் ஊன உதவித்தொகை மதிப்புள்ளது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 1948இல் அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது அதில் 66ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. பாதுகாப்பு விதிகளை முதலாளி கடைப்பிடிக்காததால் காயம் நேர்ந்தால், தான் தரப்போகும் உதவித்தொகையின் மொத்த மதிப்பை இ.எஸ்.ஐ. கழகம் அவரிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம் என்றது அந்தப் பிரிவு. 1966ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. அதன் பிறகு காப்பீட்டுத் தொழிலாளியின் விரல் எப்படிப் போனாலும் முதலாளியின் செலவு மாதச் சந்தாவோடு நின்றுபோகிறது. சந்தாவோ சம்பளத்தின் சதவீதம். விபத்து அதிகமான ஆலைக்கு ஒரு பைசா கூடாது.

துறைமுகத்துக்கு வருகிறேன். தூக்கும் கருவிகளைப் பற்றி நம் விதிகள் எவ்வளவு நுணுக்கமாகப் பேசுகின்றன என்பதை வெளியில் பலர் அறியமாட்டார்கள். வயர் ரோப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அதில் ஓர் இழை அறுந்துவிட்டால் அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை. ரோப்பின் விட்டத்தைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்குள், கண்ணுக்குத் தெரியும்படி அறுந்த இழைகள் மொத்தத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் அந்த ரோப்பைப் பயன்படுத்தக் கூடாது. அதாவது 24 மில்லிமீட்டர் ரோப்பில் ஒரு சாண் அளவுக்குள் இழைகளை எண்ணிப் பார்த்துவிடலாம். ஷேக்கிளிலும் ஸ்லிங்கிலும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அடையாளம் இருக்க வேண்டும். சோதனை விவரமெல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். இந்தப் பதிவேடு எப்போது வெளியே வருகிறது? ஆய்வாளர் வந்தால். ஸ்லிங் அறுந்து ஒருவர் கால் நசுங்கிய பிறகு இழப்பீட்டு வழக்கில் அது வருவதே இல்லை, ஏனெனில் அங்கே அதற்குத் தேவை இல்லை. அறுந்த ரோப் அன்று மாலையே பழைய இரும்போடு போய்விடும். அந்த ஒரு சாண் நீளத்தில் எத்தனை இழை முன்பே அறுந்திருந்தது என்பதைப் பிறகு யாராலும் எண்ண முடியாது. இழப்பீட்டுத் தொகை அந்த எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருந்தால் ரோப்பைப் பத்திரமாக வைக்கத் தொழிற்சங்கமும் வழக்கறிஞரும் மறுநாளே கேட்டிருப்பார்கள். உரிமை இருக்கும் இடத்தில்தான் சாட்சியம் பிழைக்கிறது.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் திட்டத்தின் கட்டுமான இடத்தில் உயரமான இரும்புக் கட்டமைப்பு சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் அசாமிலிருந்து வந்தவர்கள். மாநில அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 லட்சம், பிரதமரின் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம் என்று அறிவிப்பு வந்தது. அந்த உதவியைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. இருந்தாலும் கணக்கைப் பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருக்கும் 25 வயதுத் தொழிலாளி, மாதம் 15,000 ரூபாய்க்குக் குறையாத சம்பளத்தில் வேலை செய்து இறந்தால், சட்டப்படி முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கடன் 15,000இல் பாதியான 7,500ஐ அந்த வயதுக்கான காரணி 216.91ஆல் பெருக்கிய தொகை: 16,26,825 ரூபாய். நிவாரணத்தைவிட இது பெரியது. நிவாரணம் இதற்குப் பதிலும் ஆகாது. அரசு தன் நிதியிலிருந்து தருவது முதலாளியின் கடனைத் தீர்க்காது. ஆனால் செய்தியில் இடம்பிடிப்பது நிவாரணம். உரிமையின் தொகையை எந்தத் தொலைக்காட்சியும் சொல்வதில்லை. உடல் விமானத்தில் ஊருக்குப் போகிறது. இழப்பீட்டுக்கு மனுப் போட வேண்டியது பிரம்மபுத்திரா கரையில் இருக்கும் ஒரு விதவை. சட்டம் இதை ஓரளவு எதிர்பார்த்திருக்கிறது: உயிரிழப்பை ஏழு நாளுக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை முதலாளிக்கு உண்டு. ஒப்பந்தக்காரரின் ஆளாக இருந்தாலும் முதன்மை முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம். மரணத்துக்கான தொகையை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும்; குடும்பத்தாரின் கையில் ஒரு கவரைக் கொடுத்து முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கினால் அது இழப்பீடாகாது. இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் செல்லாது. இத்தனை பாதுகாப்பும் தொகையைக் காக்கத்தான். சரிந்தது ஏன், தாங்கும் வலுவைக் கணக்கிட்டது யார், அன்று காலை அதைப் பார்வையிட்டவர் யார் என்ற கேள்விகள் காவல் நிலையத்துக்கும் துறைசார்ந்த குழுவுக்கும் போய்விடுகின்றன. அந்தக் குடும்பங்களுக்கு அந்தக் கேள்விகளில் சட்டப்படி ஒரு பங்கும் இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. தவறு யாருடையது என்ற கேள்வியை மீண்டும் கொண்டுவந்தால், 1923க்கு முன்பிருந்த இழுபறி திரும்ப வரும், முதலாளி வழக்கறிஞரை வைத்து ஆண்டுக்கணக்கில் இழுப்பார், ஏழைக்கு உடனே கிடைக்க வேண்டிய பணமும் சிக்கிக்கொள்ளும். இந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும். அட்டவணைத் தொகை இன்று எப்படி வருகிறதோ அப்படியே முதலில் வரட்டும். கூடுதல் பங்கு தனி உத்தரவாகப் பிறகு வரட்டும். நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியிடம் இருக்கட்டும். கிரேனின் சோதனைச் சான்று, பிரஸ்ஸின் பராமரிப்புப் பதிவு, சாரம் கட்டியவரின் கையெழுத்து இவை அவரிடம்தான் இருக்க வேண்டும். காட்ட முடிந்தால் விஷயம் முடிந்தது. ஸ்பெயினில் இப்படி ஒரு முறை நீண்ட காலமாக நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாததால் விபத்து நேர்ந்தால் தொழிலாளிக்குரிய தொகை 30 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. அந்தக் கூடுதலுக்குக் காப்பீடு எடுப்பதையே அந்நாட்டுச் சட்டம் தடை செய்கிறது.

இரண்டாவது வாதம், கருவியில் குறை இருந்தால் அதைச் செய்து விற்ற நிறுவனத்தைப் பிடியுங்கள், வாங்கிப் பயன்படுத்தியவரை ஏன் பிடிக்கிறீர்கள் என்பது. இங்கிலாந்து இந்தக் கேள்வியைச் சந்தித்துப் பதிலும் சொல்லிவிட்டது. ஒரு தொழிலாளி சுத்தியலால் ஓர் இரும்புக் கருவியை அடித்தபோது சில்லு தெறித்து அவர் கண்ணில் பட்டது. இரும்பைத் தவறாகப் பதப்படுத்தியது தயாரித்தவர். பெயர் பெற்ற இடத்தில் வாங்கிய முதலாளி மேல் குறையில்லை என்று 1959இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. தீர்ப்பு தர்க்கத்தில் சரியாக இருக்கலாம், ஆனால் அதன்படி, தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டாலும் காயம்பட்டவர் அவரைத்தான் தேடி அலைய வேண்டும். பத்தாண்டு கழித்து, 1969இல், நாடாளுமன்றம் குறையுள்ள கருவிகளுக்கான முதலாளி பொறுப்புச் சட்டத்தை இயற்றியது. கருவியின் குறை வேறொருவரின் தவறால் வந்திருந்தாலும் அது முதலாளியின் கவனக்குறைவாகவே கொள்ளப்படும். அவர் தயாரிப்பாளரிடம் பிறகு கணக்குத் தீர்த்துக்கொள்ளட்டும். வெளிநாட்டுக் கப்பலின் கிரேன், ஒப்பந்தக்காரரின் ஸ்லிங், வாடகைக்கு எடுத்த ஃபோர்க்லிஃப்ட் என்று ஒரே தளத்தில் நான்கு பேரின் கருவி இயங்கும் நம் துறைமுகத்துக்கும், எண்ணூர் விரைவுச் சாலையோரம் வரிசையாக நிற்கும் கண்டெய்னர் கிடங்குகளுக்கும் இதைவிடப் பொருத்தமான விதி இல்லை.

சிறு பட்டறை தாங்குமா என்ற கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். திருவொற்றியூரில் ஆறு பேரை வைத்துப் பட்டறை நடத்துபவரே பல நேரம் முன்னாள் தொழிலாளி. ஆனால் அவர் கடையில் நான் முன்பு கணக்கிட்ட 35 வயதுத் தொழிலாளிக்கு நான்கு விரல் போனால் இன்றும் எட்டே முக்கால் லட்சத்துக்கு மேல் கடன் அவர் தலையில்தான் இருக்கிறது. ஸ்பெயினைப்போல் 50 சதவீதம் வரை கூடுதல் பங்கு வந்தால் அது ஏறக்குறைய நாலரை லட்சம் வரை கூடலாம். கார்டு போட்டிருந்தால் ஒன்றும் கூடாது. அவர் அடித்துக் கொடுக்கும் உதிரிபாகத்தை வாங்கும் பெரிய நிறுவனத்தையும் இந்தக் கூடுதல் பொறுப்பில் சேர்க்க வேண்டும், விலையைக் குறைத்து அவசரத்தைக் கூட்டுபவர் அவர்தான் என்பதால். ஒப்பந்தத் தொழிலாளிக்காக முதன்மை முதலாளியைப் பிடிக்கும் கொள்கை சட்டத்தில் இருக்கவே இருக்கிறது; அதை ஒரு படி நீட்டினால் போதும். இதில் இன்னொரு அவசரமும் உண்டு. பணிப் பாதுகாப்புக்கான புதிய சட்டத் தொகுப்பில், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 20 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. முன்பு 10 பேர் போதும். நம் சந்துகளில் உள்ள கடைகளில் பல இதனால் தொழிற்சாலைப் பட்டியலுக்கே வெளியே போகின்றன. ஆய்வாளர் வராத இடத்தில் இயந்திரத்தைப் பற்றிக் கேட்க எஞ்சியிருப்பது இழப்பீட்டு வழக்கு ஒன்றுதான்.

அதே தொகுப்பின் 103ஆம் பிரிவைக் காட்டி, நீங்கள் கேட்பது வந்துவிட்டதே என்பார்கள். பாதுகாப்புக் கடமையை மீறியதால் உயிர் போனால் ஈராண்டு வரை சிறை அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம் அல்லது இரண்டும். பலத்த காயத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 2 முதல் 4 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்குத் தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். இது உண்மையான முன்னேற்றம். பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போனது. இருந்தும் இதில் இரண்டு கதவுகள் தாண்ட வேண்டியிருக்கிறது. முதலில் அரசு வழக்குத் தொடுக்க வேண்டும். காயம்பட்டவரின் விருப்பத்தில் அது இல்லை. பிறகு குற்றம் சந்தேகத்துக்கிடமின்றி நிரூபணமாக வேண்டும். குற்ற வழக்கின் அளவுகோலை ஈட்டுத் தொகைக்கு வைத்தால், கிடைப்பவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள். ஆணையர் முன் இருக்கும் மனுவில், சாதாரண நிகழ்தகவின் அளவுகோலில், அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

சட்டம் திருத்தப்படும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தச்சரின் வழக்கில், இடது கை முழங்கைக்கு மேல் போனதை முழு ஊனமாகவே ஏற்றது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதே காரணம். இழப்பீடு விபத்து நாளிலேயே கடனாகிவிடுகிறது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அட்டவணையின் சதவீதத்தைத் தாண்டி, செய்துவந்த வேலையோடு சேர்த்துக் காயத்தைப் பார்க்க முடியும் என்பதை அந்தத் தீர்ப்பு காட்டியது. வேலையைப் பார்ப்பவர் அந்த வேலையைச் செய்ய வைத்த இயந்திரத்தையும் பார்க்கத் தடையில்லை. விபத்து நடந்த அன்றே கருவியின் நிலையைப் படம் எடுத்து வைப்பது, அறுந்த துண்டை அப்புறப்படுத்தக் கூடாது என்று எழுத்தில் கேட்பது, ஆணையரிடம் மனு தரும்போதே சோதனைச் சான்றையும் பதிவேட்டையும் முதலாளி தாக்கல் செய்ய வேண்டும் என்று தனி விண்ணப்பம் போடுவது, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கோருவது: இவை இன்றைய சட்டத்திலேயே செய்யக்கூடியவை. தாமதத்துக்கான 50 சதவீத அபராதத்தைக் கோரும்போது, முதலாளிக்கு நியாயமான காரணம் இல்லை என்பதற்கு அந்தப் பதிவேட்டில் உள்ள வெற்றுப் பக்கங்களையே ஆதாரமாக வைத்து வாதாடலாம். துறைமுகத்திலும் மணலியிலும் எண்ணூரிலும் உள்ள சங்கங்கள் இந்த விண்ணப்பங்களை அச்சடித்து, தமிழிலும் இந்தியிலும் அசாமியிலும் ஒடியாவிலும் வைத்திருக்க வேண்டும். ஸ்டான்லியின் வெளிநோயாளிகள் பகுதிக்கு அருகே ஒரு மேசை போட அனுமதி கேட்பதிலிருந்து அவர்கள் தொடங்கலாம்.